மீட்டர் பெட்டியும் மாத்திரைக் கூப்பனும்: போதை நாவல்களில் பொருளும் இடமும்

போதையைப் பற்றிய நாவல் என்றதும் புட்டியும் ஊசியும்தான் நினைவுக்கு வருகின்றன. டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷக்கி பெய்ன்’ நாவலிலும் புட்டிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த நாவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்முன் வருவது காசு போட்டால் ஓடும் மீட்டர் பெட்டி. 1980களின் கிளாஸ்கோ நகரத்து ஏழை வீடுகளில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், காசு தீர்ந்தால் தொலைக்காட்சியும் பாதியில் நின்றுவிடும். குடிக்கப் பணமில்லாத நாளில் அந்தப் பெட்டி நெம்பித் திறக்கப்படுகிறது. உள்ளே கிடந்த நாணயங்கள் பீர் கேன்களாக மாறுகின்றன. அன்று இரவு பிள்ளைகளுக்கு வெளிச்சமும் இல்லை, கணப்பும் இல்லை. ஒரு தாயின் குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று ஆசிரியர் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெம்பப்பட்ட பெட்டியைக் காட்டினால் போதும்.

இந்தக் கட்டுரை நான்கு நாவல்களைப் பற்றியது. இர்வின் வெல்ஷின் ‘டிரெய்ன்ஸ்பாட்டிங்’ (1993), ஜீத் தயிலின் ‘நார்கோபோலிஸ்’ (2012), ஸ்டூவர்ட்டின் ‘ஷக்கி பெய்ன்’ (2020), பார்பரா கிங்சால்வரின் ‘டீமன் காப்பர்ஹெட்’ (2022). எடின்பரோவின் லீத் துறைமுகம், பம்பாயின் சுக்லாஜி தெரு, கிளாஸ்கோவின் சுரங்கக் குடியிருப்பு, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாடு என்று நான்கு இடங்கள். ஹெராயின், அபின், மது, மாத்திரை என்று நான்கு போதைகள். ஒருவர் ஏன் அடிமையானார் என்ற கேள்விக்கு அவருடைய மனத்தைத் தோண்டிப் பதில் தேடுவது பழைய வழக்கம். இந்த நான்கு பேரும் அந்த வழியில் அதிக தூரம் போகவில்லை. அடுக்களையில், தெருவில், மூடிக்கிடக்கும் ஆலையில், மருத்துவரின் மேசையில் கிடக்கும் சாமான்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் ஒற்றை ஆளாக நின்றவருக்குப் பக்கத்தில் அவருடைய ஊரும், அந்த ஊரை அப்படி ஆக்கியவர்களும் வந்து நிற்கிறார்கள். இந்த நாவல்களில் குறியீடுகள் செய்யும் பெரிய வேலை இதுதான் என்பது என் வாதம்.

‘ஷக்கி பெய்ன்’ நாவலின் பகுதித் தலைப்புகளைப் பார்த்தாலே அதன் கட்டுமானம் புரிந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆண்டும் ஓர் இடமும்தான் தலைப்பு. 1992 தெற்குப் பகுதி, 1981 சைட்ஹில், 1982 பிட்ஹெட், 1989 கிழக்கு முனை, பிறகு மறுபடியும் 1992. ஆக்னஸ் பெய்ன் என்ற பெண்ணின் வாழ்க்கை வீடு மாற்றங்களின் வரிசையாகச் சொல்லப்படுகிறது. சைட்ஹில்லில் அவள் பெற்றோரின் வீடு பதினாறாவது மாடியில் இருக்கிறது. கீழே நகரம் முழுக்கத் தெரிகிறது, அவள் கைக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. கணவன் ஷக் ஒரு டாக்சி ஓட்டுநர். சொந்த வீடு என்று ஆசைகாட்டி அவளையும் பிள்ளைகளையும் பிட்ஹெட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேறொரு பெண்ணிடம் போய்விடுகிறான். தனி வாசற்கதவும் தோட்டமும் வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவளுக்கு முன்னால் நிற்பது வேலை முடிந்துபோன ஒரு நிலக்கரிச் சுரங்கம்.

பிட்ஹெட் நாவலின் உயிரான இடம். சுரங்கக் கழிவு மேடுகள் கறுப்பாகக் குவிந்து கிடக்கின்றன. காற்றடித்தால் கரித்தூள் பறக்கிறது. ஆண்கள் வேலையற்றுப்போய் நிற்கிறார்கள். பெண்கள் வேலிக்கருகில் நின்று புதிதாக வந்தவளை எடைபோடுகிறார்கள். தாட்சர் காலத்து பிரிட்டனில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டதும், 1984-85இல் சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் தோற்றதும் வரலாறு. ஸ்டூவர்ட் அந்த வரலாற்றைப் பாடமாக நடத்தவில்லை. ஆக்னஸின் இளைய மகன் ஷக்கியின் உடையில் ஒட்டும் கரியைக் காட்டுகிறார். சுரங்கத்துக்குள் ஒருநாளும் இறங்காத ஒரு சிறுவன் மீது சுரங்கத்தின் கரி. அந்த ஊரில் குடி ஒரு தனியாளின் பழக்கம் மட்டுமே அல்ல என்பதை அந்தக் கரி சொல்லிவிடுகிறது. வாரம் முழுவதும் அங்கே திங்கட்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் சுற்றித்தான் ஓடுகிறது, ஏனென்றால் அரசு உதவித்தொகைப் புத்தகங்களுக்குப் பணம் கிடைக்கும் நாள்கள் அவை. செவ்வாய்க்கிழமைப் புத்தகம் பிள்ளைகளின் பேரில் வருவது. அந்தப் பணத்தில் ரொட்டி வாங்குவதா, ஸ்பெஷல் புரூ பீர் கேன் வாங்குவதா என்ற கணக்கு ஒவ்வொரு வாரமும் நடக்கிறது.

ஆக்னஸ் பீரையும் வோட்காவையும் தேநீர்க் குவளையில் ஊற்றிக் குடிப்பாள். குவளையைப் பிடித்திருக்கும் பெண் அயலார் பார்வைக்குத் தேநீர் குடிக்கும் குடும்பப் பெண்தான். அந்த மரியாதை அவளுக்கு உயிர். எவ்வளவு குடித்திருந்தாலும் தலைமுடியை வாரி, உதட்டுச் சாயம் பூசி, காலுறை கிழியாமல் பார்த்துக்கொண்டு வெளியே வருவாள். இளம் வயதிலேயே சொந்தப் பற்களைப் பிடுங்கிவிட்டு வரிசையான செயற்கைப் பல் செட்டைப் பொருத்திக்கொண்டவள் அவள். பல் செட்டையும் குவளையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஆக்னஸ் முழுமையாகத் தெரிகிறாள். இரண்டும் பிறர் பார்வைக்காக வைத்திருக்கும் முகம். மற்ற பல குடி நாவல்களில் குடிப்பவர் அழுக்கும் கந்தலுமாகச் சரிந்து விழுவார். இங்கே கடைசிவரை அலங்காரம் கலையாமல் ஒருத்தி விழுகிறாள். வாசகருக்கு அவள்மீது கோபமும் பரிவும் ஒரே நேரத்தில் வருவதற்கு அந்த அலங்காரம்தான் காரணம்.

மூத்த மகன் லீக்கின் சட்டைப்பையில் இன்னொரு பொருள் இருக்கிறது. ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக வந்த கடிதம் அது. அவன் போகவில்லை. தாயையும் தம்பியையும் விட்டுப் போக மனமில்லாமல் அந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டே திரிகிறான். போதை நாவல்களில் குடிப்பவரின் வீணான வாழ்க்கை எப்போதும் பேசப்படும். குடிக்காதவரின் வீணான வாழ்க்கையை ஒரு மடித்த காகிதத்தில் வைத்துக் காட்டியது ஸ்டூவர்ட்டின் பெரிய சாதனை என்றே சொல்வேன். அவர் இதை எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. அவர் 1976இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அவருடைய தாய் குடியால் இறந்தார். நாவல் தாய்க்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. முதல் நாவலிலேயே 2020ஆம் ஆண்டின் புக்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆடை வடிவமைப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. துணியின் நெசவையும் கோட்டின் தையலையும் அவர் எழுதும் விதத்தில் தொழிலின் கண் தெரிகிறது.

குறியீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி ஒரு பிழையான வழியில் போகிறார்கள். கடல் என்றால் விடுதலை, பறவை என்றால் ஆன்மா, கறுப்பு என்றால் மரணம் என்று அகராதி போடுகிறார்கள். மாணவர் கட்டுரைகளில் இந்த நோய் அதிகம். ஒரு பொருள் நாவலில் எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன், அந்தப் பொருள் அந்த வீட்டில் என்ன வேலை செய்கிறது, என்ன விலை, யார் வாங்கியது, யார் பறித்தது என்று கேட்க வேண்டும். மீட்டர் பெட்டி முதலில் மீட்டர் பெட்டியாக இருப்பதால்தான் குறியீடாகும் வலிமை அதற்கு வருகிறது. போதையைப் பற்றிய எழுத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அடிமைப்பட்டவருக்கு எல்லாப் பொருளும் விலையாக மாறிவிடுகிறது. வானொலி இவ்வளவு, மோதிரம் இவ்வளவு, மகனின் சைக்கிள் இவ்வளவு என்று வீடே அடகுக்கடையின் கண்ணால் பார்க்கப்படுகிறது. நல்ல போதை நாவல் அந்தக் கண்ணை வாசகருக்கும் கொடுத்துவிடுகிறது.

வெல்ஷின் நாவலில் இடம் சார்ந்த ஒரே ஒரு காட்சியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தின் பெயருக்கே காரணமான காட்சி அது. லீத் சென்ட்ரல் ரயில் நிலையம் 1903இல் பெரிய கூரையோடு திறக்கப்பட்டு, 1952இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. நாவலில் நண்பர்களான ரெண்டனும் பெக்பியும் பாழடைந்த அந்த நிலையத்துக்குள் போகிறார்கள். அங்கே தள்ளாடிவரும் ஒரு குடிகாரக் கிழவர், ரயில் பார்க்க வந்தீர்களா என்று கேட்டுச் சிரிக்கிறார். அந்தக் கிழவர் பெக்பியின் தந்தை. பெக்பி வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் எதிரே வந்த யாரோ ஒருவனை அடித்து நொறுக்குகிறான். ரயில் வராத நிலையத்தில் ரயில் பார்ப்பதைப் பற்றிய அந்தக் கேள்விக்குள் ஒரு துறைமுகத்தின் சரிவும், தந்தையின் மதுவும், மகனின் வன்முறையும் அடங்கிவிடுகின்றன. ஹெராயின் அந்தக் காட்சியில் வரவே வேண்டியதில்லை. நாவலின் மற்றப் பகுதிகளில் ஊசிதான் எங்கும் இருக்கிறது. அதுவும் குறியீடாக வரவில்லை, எச்.ஐ.வி. கிருமியின் வாகனமாக வருகிறது. 1980களில் எடின்பரோவில் புது ஊசி கிடைப்பது அரிதாகி, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால்தான் அந்த நகரத்தில் நோய் அவ்வளவு வேகமாகப் பரவியது. அந்த உண்மையை அறிந்து வாசிக்கும்போது, கைமாறும் ஊசி ஒவ்வொன்றும் பதைபதைக்க வைக்கிறது.

‘நார்கோபோலிஸ்’ வேறு உலகம். சுக்லாஜி தெருவில் ரஷீத் நடத்தும் அபின் கூடம், 1970களின் பம்பாய். ஹிஜ்ராவான டிம்பிள் அங்கே அபின் குழல் தயாரித்துக் கொடுக்கிறாள். நாவலின் மையமான பொருள் அந்தக் குழல்தான். சீனாவிலிருந்து தப்பிவந்த லீ என்ற முதியவரிடமிருந்து பழமையான குழல்கள் டிம்பிளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைச் சீதனம்போல எடுத்துக்கொண்டு அவள் ரஷீத்தின் கூடத்துக்கு வருகிறாள். அவளிடம் வேறு சொத்து இல்லை. குழலுக்கு ஈடாக வேலையும் இடமும் கேட்கிறாள். லீயின் கதை வழியாகச் சீனத்தின் புரட்சிக் காலமும் பம்பாயின் ஒரு சந்தும் ஒரே மூங்கில் தண்டில் இணைகின்றன. நாவலின் முன்னுரை பல பக்கங்கள் நீளும் ஒற்றை வாக்கியம். கதையைச் சொல்வது மனிதனா, குழலா என்று அதில் பிரித்தறிய முடியாதபடி தயில் எழுதியிருக்கிறார். பொருள் குறியீடாக இருப்பதைத் தாண்டி, கதைசொல்லியாகவே ஆகிவிடும் அபூர்வமான இடம் அது.

குழலுக்கு நிதானம் வேண்டும். படுக்க வேண்டும், ஒருவர் உருட்டிச் சூடாக்கித் தர வேண்டும், பேச்சுத்துணை வேண்டும், விளக்கு வேண்டும். பிறகு பாகிஸ்தானிலிருந்து வரும் பழுப்புத் தூள், அங்கே கரத் என்று சொல்லப்படும் மலிவான ஹெராயின், தெருவுக்குள் நுழைகிறது. அதற்கு ஒரு துண்டு தகடும் தீக்குச்சியும் போதும். கூடம் தேவையில்லை, குழல் செய்கிறவள் தேவையில்லை, அருகில் இன்னொரு மனிதர் தேவையில்லை. சாமான் மாறியதும் தெருவே மாறிவிடுகிறது. 1992-93 கலவரத்தின் தீயும் அதே காலத்தில் நகரத்தில் பற்றுகிறது. இறுதியில், புதிய பம்பாயின் இரவு விடுதிகளில் ரஷீத்தின் மகன் வேறு சரக்கு விற்கிறான். குழலிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து விடுதிக்கு என்று ஒரு நகரம் தன் சகிப்பையும் நிதானத்தையும் இழந்த கதையைத் தயில் பொருள்களின் வரிசையாலேயே சொல்கிறார். டிம்பிள் உடுத்தும் புடவையும் புர்காவும்கூட அந்த வரிசையில் சேரும். ரஷீத் அவளுக்கு ஜீனத் என்று இன்னொரு பெயர் வைக்கிறான். எந்த உடையில் எந்தத் தெருவில் நடந்தால் தன்னை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

இந்த நாவலிடம் எனக்கு ஒரு குறை உண்டு. குழல் மிகவும் அழகாக இருக்கிறது. அபின் கூடத்தின் மஞ்சள் வெளிச்சமும் சடங்கும் மொழியின் மயக்கமும் சேர்ந்து, அங்கே அழியும் உடல்களை அவ்வப்போது மறைத்துவிடுகின்றன. தயில் சுமார் இருபது ஆண்டுகள் போதைக்கு அடிமையாக இருந்ததை வெளிப்படையாகப் பேசியிருப்பவர். அவருக்கு அந்த அழிவு தெரியாததல்ல. ஆனாலும் ஹெராயின் வந்தபிறகுதான் கேடு வந்தது என்பதுபோன்ற ஓர் ஏக்கம் நாவலின் முதல் பாதியில் படிந்திருக்கிறது. காலனி ஆட்சி இந்தியாவில் அபினை விளைவித்துச் சீனாவுக்கு விற்றுச் செழித்த வரலாறு லீயின் குழலுக்குப் பின்னால் நிற்கிறது. அந்த வரலாறு இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டிருந்தால் அந்த ஏக்கம் தானே அடங்கியிருக்கும்.

கிங்சால்வரின் ‘டீமன் காப்பர்ஹெட்’ நாவலுக்கு வருவோம். பொருளும் இடமும் குற்றத்தின் திசையைக் காட்டும் என்ற என் வாதத்துக்கு இதைவிட வலுவான நாவல் இல்லை. டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலை இன்றைய வர்ஜீனியா மாநிலத்தின் லீ கவுண்டிக்கு இடம் மாற்றி எழுதிய நாவல் இது. இங்கிலாந்தின் பிராட்ஸ்டேர்ஸ் கடற்கரையில் டிக்கன்ஸ் தங்கி எழுதிய வீட்டில், அவருடைய மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த நாவலுக்கான வழி கிடைத்தது என்று கிங்சால்வர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன் மலைநாட்டை அழித்த மாத்திரைகளைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் எப்படி என்று தெரியாமல் இருந்தார். கதையைப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் வாயால் சொல்ல வேண்டும் என்ற தெளிவு அந்த மேசையில் பிறந்தது.

டிக்கன்ஸின் டேவிட் தலையில் சவ்வோடு பிறக்கிறான். அப்படிப் பிறந்தவர் தண்ணீரில் மூழ்கிச் சாகமாட்டார் என்பது நம்பிக்கை. அந்தச் சவ்வைப் பதினைந்து கினிக்கு விற்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்கிறார்கள். கிங்சால்வரின் டீமன், பனிக்குடப் பை உடையாமல், ஒரு டிரெய்லர் வீட்டின் குளியலறைத் தரையில் பிறக்கிறான். பக்கத்தில் போதையில் கிடக்கும் பதின்வயதுத் தாய். டேவிட்டின் சவ்வுக்குச் சந்தையில் விலை இருந்தது. டீமனின் பிறப்பில் எதற்கும் விலை இல்லை. அவனுடைய தாய் வால்மார்ட்டில் அலமாரிகளுக்குச் சரக்கு அடுக்கும் வேலை செய்கிறவள். அவனுடைய பதினோராவது பிறந்தநாளில் ஆக்ஸிகான்டின் மாத்திரை அவளைக் கொன்றுவிடுகிறது. சாகமாட்டான் என்ற நம்பிக்கை மட்டும் அவனோடு மிஞ்சுகிறது.

டீமன் வளர்ப்புப் பிள்ளையாக முதலில் போய்ச்சேருவது கிரீக்கி என்ற கிழவரின் புகையிலைப் பண்ணைக்கு. வளர்ப்பதற்கு அரசு கொடுக்கும் பணமும் கிடைக்கும், பையன்களின் உழைப்பும் கிடைக்கும் என்பது கிழவரின் கணக்கு. புகையிலை அறுவடையைக் கிங்சால்வர் அணு அணுவாக எழுதியிருக்கிறார். செடியின் தலையைக் கிள்ள வேண்டும், தண்டை வெட்ட வேண்டும், கம்பில் கோத்துக் கொட்டகையின் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கையெல்லாம் கறுப்பாகப் பிசின் ஒட்டும். ஈரமான பச்சைப் புகையிலையைத் தொட்டுத்தொட்டு வேலை செய்தால் நிகோடின் தோல்வழியே உடலில் ஏறி வாந்தியும் மயக்கமும் வரும். அது மருத்துவம் அறிந்த தொழில் நோய். அந்தச் சிறுவனின் உடலுக்குள் முதலில் ஏறிய போதை அவன் தேடிப்போனதல்ல, வேலையின் கூலியாக வந்தது. நாவலின் பிற்பகுதியில் அவன் மாத்திரைக்கு அடிமையாகும்போது இந்தப் புகையிலைக் காட்சியை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அந்த மலைநாட்டில் நிலக்கரி ஒரு முறை, புகையிலை ஒரு முறை, கடைசியில் மாத்திரை ஒரு முறை என்று மூன்று முறை மனித உடல் அறுவடை செய்யப்பட்டிருக்கிறது. நாவலின் பள்ளி ஆசிரியர் ஆர்ம்ஸ்ட்ராங், 1921இல் பிளேர் மலையில் ஆயுதம் ஏந்திய சுரங்கத் தொழிலாளர்களின் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புக் கைக்குட்டையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த மூன்றுக்கும் ஒரே வேர் இருப்பது தெளிவாகிறது.

மாத்திரை எப்படி வந்தது? உயர்நிலைப் பள்ளியில் டீமன் அமெரிக்கக் கால்பந்து வீரனாகிறான். முழங்கால் நொறுங்குகிறது. விளையாட வைத்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் மருத்துவர் சீட்டு எழுதித் தருகிறார். செவிலியான ஜூன் அத்தையின் காதலனாக முன்பு வந்துபோன கென்ட், மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. சிரித்த முகம், நல்ல சட்டை, இலவசக் கூப்பன். இந்தக் கூப்பன் நாவலாசிரியரின் கற்பனை அல்ல. 1996இல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா நிறுவனம், முதல் முறையாக வாங்குகிறவர்களுக்கு 7 நாள் முதல் 30 நாள் வரை இலவசமாக மாத்திரை கிடைக்கும் கூப்பன்களை மருத்துவர்கள் மூலம் கொடுத்தது. 2001இல் அந்தத் திட்டம் முடிந்தபோது நாடு முழுவதும் சுமார் 34,000 கூப்பன்கள் பயன்படுத்தப்பட்டிருந்தன. மாத்திரையின் பெயர் பொறித்த தூண்டில்காரர் தொப்பி, பஞ்சு பொம்மை, இசைத்தட்டு எல்லாம் மருத்துவர்களுக்குப் பரிசாகப் போயின. எந்த ஊரில் எந்த மருத்துவர் வலி மாத்திரைகளை அதிகம் எழுதுகிறார் என்ற தரவை வைத்துக்கொண்டு விற்பனையாளர்கள் அனுப்பப்பட்டார்கள். சுரங்கத்திலும் மரம் வெட்டும் வேலையிலும் இடுப்பொடிந்தவர்கள் நிறைந்த ஊர்கள் அந்த வரைபடத்தில் முதலிடத்தில் இருந்தன. லீ கவுண்டியின் செயின்ட் சார்லஸ் ஊரில் மருத்துவராக இருந்த ஆர்ட் வான் ஸீ முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர். 2007இல் அந்நிறுவனத்தின் இணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் வர்ஜீனியாவின் அபிங்டன் நகர நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மொத்த அபராதம் 634.5 மில்லியன் டாலர்.

பஞ்சு பொம்மையையும் டீமனின் தாயின் பிணத்தையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கிங்சால்வர் அப்படி அருகருகே வைத்து எழுதவில்லை. ஆனால் ஆவணங்களை அறிந்த வாசகர் அப்படித்தான் வாசிப்பார். ஒரு பொருள் எங்கே தயாரானது, யார் கைவழியே வந்தது என்ற தடத்தை நாவல் விட்டுச்செல்லும்போது குறியீடு வழக்காவணத்தின் கனத்தைப் பெறுகிறது. டீமனின் காதலி டோரி, சாகக்கிடக்கும் தந்தைக்கென்று வந்த ஃபென்டனில் பட்டைகளைத் தன் உடலுக்குத் திருப்பிக்கொள்கிறாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடே போதைக்கிடங்காகிறது. பதின்வயதில் இரண்டு பிள்ளைகள் குடும்பம் நடத்துவதுபோல விளையாடி, அந்த வீட்டிலேயே ஒருத்தி செத்துப்போகும் பகுதிகள் வாசிக்கவே கடினமானவை.

இடங்களில் ‘சாத்தானின் குளியல்தொட்டி’ முக்கியமானது. வர்ஜீனியாவில் உண்மையாகவே இருக்கும் ஆழமான நீர்க்குழி அது. பச்சை நிறத் தண்ணீர், வழுக்குப் பாறை, மேலிருந்து விழும் அருவி. டீமன் பிறப்பதற்கு முன்பே அவனுடைய தந்தை செத்த இடம். நாவலின் உச்சக்காட்சியில் மழைநாள் ஒன்றில் அதே இடத்தில் இன்னும் இரண்டு இளைஞர்கள் சாகிறார்கள். தண்ணீரில் சாகமாட்டான் என்று சொல்லப்பட்ட பிள்ளை, தண்ணீர் மற்றவர்களைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறப்பின் சவ்வும் இந்தக் குழியும் ஒன்றையொன்று நோக்கி நாவல் முழுவதும் நகர்ந்துவந்திருப்பது அங்கேதான் புரிகிறது.

கடலைப் பற்றி எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. சிறுவயது முதல் டீமனுக்குக் கடல் பார்க்க ஆசை. ஏதாவது தடை வந்துகொண்டே இருக்கிறது. சின்ன வயதில் கேட்லின்பர்க் மீன்காட்சியகத்தின் கண்ணாடிச் சுரங்கத்தில், தலைக்கு மேலே சுறாக்கள் நீந்த, தோழி எம்மியோடு கைகோத்து நிற்பதோடு சரி. கடைசியில் இன்னொரு தோழியான ஆங்கஸோடு காரில் கடலை நோக்கிப் போவதோடு நாவல் முடிகிறது. பணம் கட்டிப் பார்க்கும் கண்ணாடிக் கடலுக்கும் திறந்த கடலுக்கும் இடையிலான அந்தத் தூரம் நன்றாக யோசிக்கப்பட்டதுதான். ஆனாலும் நாவலின் மற்றப் பொருள்களைப்போலக் கடலுக்கு ஒரு வேலை இல்லை, விலை இல்லை, அது யாருடைய கையிலும் பிசினாக ஒட்டவில்லை. ஏற்கெனவே பல நூறு நாவல்களில் விடுதலையாக நின்ற கடலே இங்கும் வந்து நிற்கிறது. டீமனுடைய பாட்டியின் சகோதரர் டிக், வாசித்த புத்தகங்களின் வரிகளை எழுதிப் பறக்கவிடும் பட்டம் இதைவிடப் பல மடங்கு மேலான கற்பனை. சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாத ஒருவரின் கையில் அந்த நூல் இருக்கிறது. அதுவும் டிக்கன்ஸிடமிருந்து வந்ததுதான், ஆனால் கிங்சால்வரின் கையில் புதிதாகியிருக்கிறது.

நான்கு நாவல்களுக்கும் பொதுவான ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். விழும் இடங்களைச் செதுக்கிச்செதுக்கி எழுதிய இவர்கள், எழும் இடங்களை அவசரமாகக் கடந்துபோகிறார்கள். ஆக்னஸ் ஓராண்டு குடிக்காமல் இருக்கிறாள். குடியை விட்டவர்களின் கூட்டங்கள் நடக்கும் அறை, அவர்கள் கொண்டாடும் குடியற்ற முதல் பிறந்தநாள் எல்லாம் வருகின்றன. அவற்றைவிட, காதலன் யூஜின் ஒரு விருந்தில் ‘சாதாரணப் பெண்ணைப்போல இரு’ என்ற எண்ணத்தோடு அவள் பக்கம் நகர்த்தும் ஒரே ஒரு கிளாஸ் ஒயின்தான் மனதில் தங்குகிறது. டீமன் நாக்ஸ்வில் நகரத்தில் மீண்டுவரும் மாதங்கள், புகையிலைக் கொட்டகையின் ஒரு நாளுக்குக் கிடைத்த துல்லியத்தைப் பெறவில்லை. வெல்ஷிடமும் தயிலிடமும் இந்தப் பகுதி இன்னும் மெலிவு. மீள்கிறவர் காலையில் எழுந்து என்ன பாத்திரத்தில் காபி போடுகிறார், அவருடைய புது அறையின் சாவி எப்படி இருக்கிறது, முதல் சம்பளத்தில் எந்தச் சாமானைத் திரும்ப வாங்குகிறார் என்பதையெல்லாம் யாராவது பொறுமையாக எழுத வேண்டும். அடகுக்கு ஒவ்வொன்றாகப் போன பொருள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவரும் நாவல் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

‘டீமன் காப்பர்ஹெட்’ 2023இல் ஹெர்னான் டியாஸின் ‘டிரஸ்ட்’ நாவலோடு புலிட்சர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதே ஆண்டு பிரிட்டனின் பெண்கள் புனைவுப் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசை இரண்டு முறை பெற்ற முதல் எழுத்தாளர் கிங்சால்வர். நாவலின் உரிமைத்தொகையிலிருந்து லீ கவுண்டியில், போதையிலிருந்து மீளும் பெண்கள் தங்குவதற்கு ஒரு வீட்டை அவர் அமைத்தார். ‘ஹையர் கிரவுண்ட்’ என்ற பெயரில் அந்த வீடு 2025இல் திறக்கப்பட்டது.